ஒரே ஊர், நான்கு மைதானங்கள்: நியூயார்க்கில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு

நியூயார்க்கில் ஒரு வாரம் தங்கினால் நான்கு மைதானங்களில் பேஸ்பால் பார்த்துவிடலாம். கார் வேண்டாம். மூன்று மைதானங்களுக்கு வாசல் வரை சப்வே ரயில் போகிறது, நான்காவதுக்குப் படகு. அந்தப் படகுக்குக் காசும் கிடையாது. இருந்தும் ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் யாங்கி ஸ்டேடியம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில்கூட அந்த அணியின் எழுத்துப் போட்ட தொப்பி தொங்குகிறது. அதனால் அந்தப் பெயர் தெரியும், மற்றவை தெரியாது.

உறவுக்காரர்களையும் நண்பர்களையும் இந்த மைதானங்களுக்கு நிறைய முறை அழைத்துப் போயிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன மைதானத்தில் தொடங்குங்கள். யாங்கி ஸ்டேடியத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஆட்டம் பிடிபட்ட பிறகு போனால்தான் அந்தப் பெரிய மைதானத்தின் அருமை தெரியும்.

முதலில் தேதி, அப்புறம் விமான டிக்கெட்

விமான டிக்கெட்டை எடுத்துவிட்டு, அந்தத் தேதியில் ஆட்டம் இருக்கிறதா என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். அதை அப்படியே திருப்பிச் செய்யுங்கள். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை நடக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். அதில் 81 சொந்த மைதானத்தில், 81 வெளியூரில். கிட்டத்தட்ட ஒரு வாரம் ஊரில் ஆடுவார்கள், அப்புறம் ஒரு வாரம் வெளியூர் கிளம்பிவிடுவார்கள்.

நியூயார்க்கில் இரண்டு மேஜர் லீக் அணிகள் இருக்கின்றன. ஊரின் பிராங்ஸ் பகுதியில் யாங்கீஸ், குயீன்ஸ் பகுதியில் மெட்ஸ். ஒன்று ஊரில் இருக்கும்போது மற்றது பெரும்பாலும் வெளியூரில் இருக்கும். அதனால் நீங்கள் பிடிக்க வேண்டியது ஓர் அணி கிளம்பி இன்னோர் அணி வந்து சேரும் அந்த இடைப்பட்ட நாட்களை. நான் செய்வது இதுதான். ஒரு காகிதத்தில் மாதக் காலண்டர் போட்டு, யாங்கீஸ் ஊரில் ஆடும் நாட்களை ஒரு நிறத்திலும் மெட்ஸ் நாட்களை இன்னொரு நிறத்திலும் தீட்டுவேன். இரண்டு நிறமும் உரசுகிற வாரம்தான் நம் வாரம். அடுத்த ஆண்டின் அட்டவணை முந்தைய ஆண்டின் கோடையிலேயே வந்துவிடும், நிதானமாகப் பார்க்க நேரமிருக்கும். விசா கைக்கு வந்த பிறகு பணம் கட்டினால் போதும்.

எந்த மாதம்? ஏப்ரலில் ராத்திரி ஆட்டத்தில் உட்கார்ந்தால் பல் கிட்டிக்கும். நம் ஊர் உடம்புக்கு அந்தக் குளிர் சரிப்படாது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் புழுக்கம், கூடவே சாயங்கால இடிமழை. ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டத்துக்காகச் சில நாட்கள் லீக் முழுக்க விடுமுறையும் உண்டு. மே பிற்பாதியும் ஜூனும் என் கணக்கில் நல்ல காலம். மே மாதத்தில் ஊரில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பதும் வசதி. செப்டம்பரும் அருமையாக இருக்கும். ஆனால் புரூக்ளின் கடற்கரையான கோனி ஐலண்டில் ஆடும் சின்ன அணியின் சீசன் செப்டம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று போட்டிருக்கும் ஆட்டத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ராத்திரிக்கு மாற்றிவிடுவது உண்டு. ஞாயிறு ராத்திரியே ஊர் திரும்பும் விமானத்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று மழை. இரண்டு வருஷம் முன்பு என் சித்தப்பா வந்திருந்தபோது, யாங்கி ஸ்டேடியத்தை அவருடைய கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். மதியத்திலிருந்து மழை. மூன்று மணி நேரம் காத்திருந்து, ஆட்டம் தள்ளிவைப்பு என்று திரையில் எழுத்து வந்தது. மழையால் தள்ளிப்போன ஆட்டத்தின் டிக்கெட் வேறொரு நாளுக்குச் செல்லும், பணம் வீணாகாது. ஆனால் அந்த வேறொரு நாள் ஆகஸ்டில் இருந்தது. சித்தப்பா ஜூன் மாதமே மதுரையில் இருப்பார். அடுத்த முறை வந்துதான் பார்த்தார். அதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி: கடைசி ஆட்டத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது காலியாக இருக்க வேண்டும்.

டிக்கெட்டும் இருக்கையும்

டிக்கெட் எல்லாம் போனில்தான். மேஜர் லீக்கின் (எம்.எல்.பி.) ‘பால்பார்க்’ செயலியை ஊரிலேயே இறக்கி, கணக்குத் தொடங்கி, டிக்கெட் அதில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பது பெரிய அவஸ்தை. போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கள் முதல் வியாழன் வரையிலான ஆட்டங்களுக்கு விலை குறைவாக இருக்கும். யாங்கீஸின் பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி வரும் நாட்களில் யாங்கி ஸ்டேடியத்தில் விலை ஏறும். யாங்கீஸும் மெட்ஸும் தங்களுக்குள் ஆடும் ஆட்டங்களுக்கு இன்னும் ஏறும். சீசன் ஆட்டங்களில் இந்த மோதல் 1997-ல் தொடங்கியது. இதற்கு ‘சப்வே சீரிஸ்’ என்று பெயர். புதிதாகப் பார்க்கிறவர் அதற்குப் பணம் கொட்ட வேண்டாம். எந்த அணி வந்தாலும் மைதானம் அதேதான்.

இருக்கை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. கீழே ஓரத்தில் விலையுயர்ந்த இடத்தைவிட, மேலடுக்கில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர்பின்னால் கிடைக்கும் மலிவான இடம் மேல். கிரிக்கெட்டைப் பந்து வீசுகிறவர் கைக்கு நேர்ப்பின்னாலிருந்து பார்ப்பது போலத்தான் இதுவும். பந்து வளைவது, இறங்குவது, களத்தில் நிற்கிறவர்கள் நகர்வது எல்லாம் அங்கிருந்து தெரியும். யாங்கி ஸ்டேடியத்தில் 420-ஐச் சுற்றியுள்ள பகுதிகளைப் பாருங்கள். மெட்ஸின் சிட்டி ஃபீல்டில் 514-ஐச் சுற்றியுள்ளவை.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய இடங்களில் இரண்டாவது) வரை போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது நல்லது என்று பேஸ்பால் விதிப்புத்தகமே சொல்கிறது. மாலைச் சூரியன் பேட்டரின் கண்ணில் அடிக்கக்கூடாது என்பதற்காக. எல்லா மைதானமும் அச்சுப் பிசகாமல் அப்படி இல்லை. ஆனால் பொதுவாக, மதிய ஆட்டத்தில் தூரத்து எல்லைப் பக்கம் கூரையில்லாமல் இருக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்கும். தொப்பி எடுத்துப் போங்கள்.

ரயில், பை, சாப்பாடு

சப்வேயில் ஒரு முறை ஏற ஏறத்தாழ 3 டாலர். வாயிலில் இருக்கும் திரையில் வங்கிக் கார்டையோ போனையோ தட்டினால் போதும். வாரம் முழுக்க ஒரே கார்டையே தட்டுங்கள், 7 நாளில் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு கட்டணம் பிடிக்க மாட்டார்கள். அறை எடுக்கும்போது கிராண்ட் சென்ட்ரலுக்கு நடந்து போகிற தூரத்தில் எடுத்தால் உத்தமம். அங்கிருந்து 4-ஆம் எண் ரயில் யாங்கி ஸ்டேடியம் போகிறது, 7-ஆம் எண் ரயில் சிட்டி ஃபீல்ட் போகிறது. ஒரே ஸ்டேஷன், இரண்டு மைதானம்.

ஒரு நுணுக்கம்: யாங்கி ஸ்டேடியத்துக்கு டி ரயிலும் போகும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் வேலை நாட்களில் சாயங்கால நெரிசல் நேரத்தில் பிராங்ஸ் நோக்கிப் போகும் டி ரயில், ஸ்டேடியம் இருக்கும் 161-வது தெரு ஸ்டேஷனில் நிற்காமல் விரைவு வண்டியாகப் போய்விடுவது வழக்கம். ராத்திரி ஆட்டத்துக்கு 4-ஐயே எடுங்கள்.

பை விதிகள் மைதானத்துக்கு மைதானம் வேறு, அடிக்கடி மாறுகின்றன. போகும் அன்று காலையில் அந்த மைதானத்தின் பக்கத்தைப் பாருங்கள். முதுகுப் பையை அறையில் வைத்துவிடுவதுதான் தலைவலியில்லாத வழி. ஆனால் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் சாப்பிடும் அளவுக்கு உணவை வெளியிலிருந்து கொண்டுபோக இரண்டு பெரிய மைதானங்களிலும் அனுமதி உண்டு. தெளிவான பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துப் போகலாம். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போய் மேலடுக்கில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஹாட் டாக் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவர்களுக்கு பிரெட்ஸல், பீட்ஸா, ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை கிடைக்கும். வேர்க்கடலைத் தோலைக் காலடியிலேயே போடுவார்கள், அது அங்கே வழக்கம். கார்டு கையில் இருக்கட்டும், பணத்தாள் வாங்காத கடைகளே அதிகம்.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது

விதி எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போக வேண்டாம். இவ்வளவு போதும். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும், மூன்று பேர் அவுட் ஆனால் மாற வேண்டும். அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ அது ‘ஸ்ட்ரைக்’; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். அடிக்கத் தகாத பந்துக்கு ‘பால்’ என்று பெயர்; அப்படி நான்கு பந்துகளை விட்டுவிட்டால் முதல் பேஸுக்கு இலவசமாக நடக்கலாம். ஆட்டம் டிரா ஆகாது, சமமாக இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் அரைமணி நேரம் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றும். நடப்பது அந்த எண்ணிக்கையில்தான். பெரிய திரையில் எத்தனை பால், எத்தனை ஸ்ட்ரைக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக் என்றால் பந்து வீசும் பிட்சருக்கு நெருக்கடி, பேட்டர் கையை ஓங்கிக் காத்திருப்பார். பால் இல்லாமல் இரண்டு ஸ்ட்ரைக் என்றால் நிலைமை தலைகீழ். அந்த இரண்டு எண்களைப் பந்துக்குப் பந்து கவனித்தால் மூன்றாவது இன்னிங்ஸுக்குள் ஆட்டம் உங்களை உள்ளே இழுத்துவிடும். 2023-லிருந்து பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். பேஸில் யாரும் இல்லையென்றால் 15 விநாடிக்குள் வீச வேண்டும். முன்பு மூன்று மணி நேரம் தாண்டிய ஆட்டங்கள் இப்போது பெரும்பாலும் இரண்டே முக்கால் மணிக்குள் முடிகின்றன. ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பாடுவார்கள். நீங்களும் எழுந்துகொள்ளுங்கள்.

பந்து பார்வையாளர் பக்கம் வரும்போது கண் அதன்மேல் இருக்கட்டும். கோட்டுக்கு வெளியே போகும் அடி, அதாவது ஃபவுல் பால், வேகமாக வரும், வலை இருக்கும் இடம் தாண்டி உட்கார்ந்தால் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். கோனி ஐலண்டில் அப்படி ஒன்று சித்தப்பாவின் காலடியில் உருண்டு வந்து நின்றது. எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். “யாருகிட்டப்பா திருப்பிக் குடுக்கறது?” என்றார். “சித்தப்பா, அது உங்களுக்குத்தான்” என்று சொன்னபோது நம்பவில்லை. அந்தப் பந்தின் வெள்ளைத் தோலில் ஒரு பக்கம் பச்சைப் புல் கறை, மட்டை பட்ட இடத்தில் லேசான மழுங்கல். பேஸ்பாலில் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல் உண்டு, எல்லாம் கையால் போட்டது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். இப்போது அது மதுரையில் அவர் பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது.

முதல் மைதானம்: கோனி ஐலண்ட்

புரூக்ளின் சைக்ளோன்ஸ், மெட்ஸின் கீழ் இயங்கும் மைனர் லீக் அணி. நாளைக்கு மேஜர் லீக் போகக்கூடிய இளைஞர்கள் ஆடுவார்கள். டி, எஃப், என், கியூ என நான்கு ரயில்களும் முடியும் ஸ்டில்வெல் அவென்யூ ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் மைதானம். 2001-ல் திறந்தது. எங்கே உட்கார்ந்தாலும் பிட்சர் முகம் தெரியும், பந்து தோல் கையுறையில் விழும் சத்தம் கேட்கும். புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. திங்கட்கிழமைகளில் ஆட்டம் இருக்காது. ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆடுவார்கள்.

மதியமே போய்விடுங்கள். கடற்கரைப் பலகை நடைபாதை, 1920-லிருந்து சுற்றும் வொண்டர் வீல், 1927-லிருந்து ஓடும் மரத்தாலான சைக்ளோன் ரோலர் கோஸ்டர் எல்லாம் பக்கத்திலேயே. அணிக்குப் பெயர் வந்தது அந்த ரோலர் கோஸ்டரிலிருந்துதான். சாயங்காலம் கடல்காற்று அடிக்கும், மே மாதத்தில்கூட ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும்.

இரண்டாவது: சிட்டி ஃபீல்ட்

7-ஆம் எண் ரயில் குயீன்ஸில் தரைக்கு மேலே ஓடுகிறது. ஜன்னலோரம் நில்லுங்கள். மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயிண்டில் இறங்கினால் எதிரிலேயே மைதானம். ஆனால் நீங்கள் முதலில் அங்கே இறங்க வேண்டாம். இன்னும் ஒரே ஸ்டேஷன் போனால் ஃப்ளஷிங். அங்கே போன் (Bowne) என்ற தெருவில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, 1977-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். நம் ஊர்ச் சிற்பிகளின் கைவேலை. ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், பஸ்ஸும் உண்டு. சாமி கும்பிட்டுவிட்டு அடித்தளத்தில் இருக்கும் கேண்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே ஒரு ஸ்டேஷன் திரும்பினால் ஆட்டம். அத்தை ஒருவரை இப்படி அழைத்துப் போனேன், அமெரிக்காவில் அவருக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

மைதான வாசலில் நுழைந்ததும் வட்டமான பெரிய கூடம். ஜாக்கி ராபின்சன் பெயரில் அமைந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, நவீன மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர். அவருடைய 42-ஆம் எண் நீல நிறத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும் 1957 சீசனோடு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார்கள். 1962-ல் பிறந்த மெட்ஸ், டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயண்ட்ஸின் ஆரஞ்சையும் எடுத்துக்கொண்டது. போனவர்களை மறக்காத அந்த இரண்டு நிறங்களை நினைத்துக்கொண்டு கூட்டத்தைப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

கார் நிறுத்துமிடத்தில், மெட்ஸ் முன்பு ஆடிய பழைய ஷே ஸ்டேடியத்தின் பேஸ்கள் இருந்த இடங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். மெட்ஸ் வீரர் பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடித்து ஹோம் ரன் எடுத்தால் நடு எல்லைக்குப் பின்னாலிருந்து பெரிய சிவப்பு ஆப்பிள் ஒன்று எழும்பும். பிள்ளைகளுக்கு அது போதும்.

மூன்றாவது: ஸ்டேட்டன் ஐலண்ட்

ஃபெர்ரிஹாக்ஸ் என்ற அணி, எந்த மேஜர் லீக் அணியின் கீழும் இயங்காத அட்லாண்டிக் லீக்கில் ஆடுகிறது. ஆட்டத்தின் தரத்துக்காக இல்லை, வழிக்காகப் போங்கள். மன்ஹாட்டன் தென்முனையிலிருந்து இலவசப் படகு, 25 நிமிஷம். போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். இறங்கி நடந்தால் மைதானம், அதன் பின்னால் துறைமுகமும் கப்பல்களும். நேரம் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டியது இதைத்தான்.

கடைசியில்: யாங்கி ஸ்டேடியம்

இங்கே ஆட்டம் தொடங்க இரண்டரை மணி நேரம் முன்பே 161-வது தெருவில் இறங்குங்கள். எதிரே பூங்காவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1923 முதல் 2008 வரை பழைய யாங்கி ஸ்டேடியம் நின்றது அந்த இடத்தில்தான். யாங்கீஸின் புகழ்பெற்ற பழைய வீரர் பேப் ரூத் ஓடிய மண். உள்ளே போக டிக்கெட் வேண்டாம். புதிய ஸ்டேடியம் 2009-ல் தெருவுக்கு இந்தப் பக்கம் எழுந்தது.

கதவு திறந்ததும் நேராக மான்யுமென்ட் பார்க் போங்கள். பழைய வீரர்களின் நினைவுப் பலகைகள் நடு எல்லைக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. ஆட்டம் தொடங்க 45 நிமிஷம் முன்பு மூடிவிடுவார்கள், தாமதமாக வந்தவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. கையெழுத்திட்ட பந்துகளைச் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளேயே உண்டு, அதற்கு ஆட்டத்தின் நடுவில்கூடப் போய்வரலாம்.

முதல் இன்னிங்ஸில் வலது எல்லைப் பக்கம், 203-ஆம் பகுதியில் இருக்கும் ரசிகர்கள் களத்தில் நிற்கும் யாங்கீஸ் வீரர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பிக் கையசைக்கும் வரை விடமாட்டார்கள். அதே வலது எல்லை ஓரத்தில் 314 அடிதான், நடுவில் 408 அடி. இடதுகை பேட்டர் வரும்போது அந்தப் பக்கம் கண் வையுங்கள். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை 27 முறை வென்ற அணி என்பதால் கூட்டம் எளிதில் திருப்தி அடையாது. மெட்ஸ் கூட்டத்தின் கலகலப்பை எதிர்பார்க்காதீர்கள், இங்கே முனகலும் ஆட்டத்தின் பகுதி.

முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து ஸ்டேஷன் படிக்கட்டுக்கு ஓட வேண்டாம், பிளாட்பாரத்தில் மூச்சு முட்டும். இருக்கையிலேயே ஒரு பதினைந்து நிமிஷம் இருங்கள், ஊழியர்கள் வந்து எழுப்பும் வரை. கீழே நான்கைந்து பேர் பிட்சர் நின்ற மண்மேட்டில் குழி விழுந்த இடங்களில் களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசால் இடித்து, மேலே தார்ப்பாய் விரிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இறங்கினால் 4-ஆம் எண் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்.